கணவரைத் திடீரென இழந்த தோழிக்குத் துணை நிற்றல்

காலை ஷிப்டுக்குச் சென்ற கணவர் இறந்துவிட்டார் என்ற செய்தி ஒரு பெண்ணை வந்தடையும் நேரத்தில், அவர் அருகில் மருத்துவரோ செவிலியரோ இருப்பது அரிது. அடுத்த வீட்டுப் பெண் இருப்பார்; உடன் வேலை பார்ப்பவர் இருப்பார்; செய்தி கேட்டு ஓடி வந்த பழைய தோழி இருப்பார். அத்தகைய தோழிக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. முதல் சில மணி நேரத்தில் என்ன செய்வது, எவற்றைச் சொல்லாமல் இருப்பது, எந்த அறிகுறிகள் தோன்றினால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது, காரியம் முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பிய பின் எவ்வாறு உடன் இருப்பது ஆகியவை இதில் விளக்கப்படுகின்றன.

நெய்வேலி இதற்கு உரிய எடுத்துக்காட்டு. 2020-ஆம் ஆண்டு மே 7 அன்று, என்.எல்.சி. இந்தியா நிறுவனத்தின் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 6-ஆவது அலகின் கொதிகலனில் ஏற்பட்ட விபத்தில் 8 பேர் காயமுற்றனர். அவர்களில் சிலர் பின்னர் சிகிச்சை பலனின்றி இறந்தனர். இரண்டு மாதங்கள் முடிவதற்குள், ஜூலை 1 அன்று காலை, அதே நிலையத்தின் 5-ஆவது அலகில் மீண்டும் கொதிகலன் விபத்து நேர்ந்தது. 6 பேர் அன்றே உயிரிழந்தனர். பலத்த தீக்காயங்களுடன் சென்னைக்குக் கொண்டு செல்லப்பட்டவர்களில் பலர் அடுத்தடுத்த நாள்களில் இறந்தனர். இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலர். அது கொரோனா ஊரடங்குக் காலம். துக்க வீட்டில் கூடுவதற்கும், மருத்துவமனையில் உடன் இருப்பதற்கும் கட்டுப்பாடுகள் இருந்தன.

இவ்விபத்துகளில் திடீர் மரணத்தின் இரு வடிவங்களையும் காணலாம். சில குடும்பங்களுக்குச் செய்தி ஒரே நொடியில் வந்தது. வேறு சில குடும்பங்கள், பிழைத்துவிடுவார் என்ற நம்பிக்கையில் நாள்களைக் கழித்த பின்னர் இழந்தன. இரண்டாம் வகையினரை நோக்கி, "சில நாள் டைம் கிடைச்சதே" என்று பிறர் கூறுவதுண்டு. மருத்துவ நோக்கில் அது சரியன்று. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் கழியும் அந்த நாள்களில் மனம் பிழைப்புக்காகக் காத்திருக்கிறது; மரணத்துக்குத் தயாராவதில்லை. எனவே அவர்களது இழப்பும் திடீர் இழப்பே. மாரடைப்பு, சாலை விபத்து, மின்சாரம் தாக்குதல் ஆகியவற்றால் கணவரை இழந்தவர்களுக்கும் இப்பக்கத்தில் கூறப்படுபவை பொருந்தும்.

முதல் சில மணி நேரம்

திடீர்ச் செய்தியைக் கேட்ட பெண் கதறி அழலாம். அழாமலும் இருக்கலாம். அடுப்பில் வைத்த பாலை இறக்கலாம். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைப் பற்றிப் பேசலாம். "போன் பண்ணிப் பாருங்க, எடுப்பார்" என்று மீண்டும் மீண்டும் கூறலாம். இது அதிர்ச்சியின் இயல்பான வெளிப்பாடு. செய்தியை மனம் ஒரே முறையில் முழுமையாக ஏற்பதில்லை. சிறிது சிறிதாகவே ஏற்கிறது. "அழுதுவிடு, அழாவிட்டால் மனசுக்குள்ளேயே தங்கிவிடும்" என்று அவரை உலுக்குவதும், கன்னத்தில் அடிப்பதும் சில வீடுகளில் நடக்கின்றன. அவற்றைத் தடுத்து நிறுத்துங்கள். முதல் நாளில் அழாதவர் பின்னர் நோயுறுவார் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை.

செய்தியைச் சொல்லும் பொறுப்பு உங்களுக்கே வந்தால், அவரை அமர வைத்து, அருகில் அமர்ந்து, தெளிவான சொற்களில் சொல்லுங்கள். "சின்ன அடிதான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க" என்று தொடங்கி, வழியெங்கும் மறைத்து, மருத்துவமனை வாசலில் உண்மையை அறிய விடும் வழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியுள்ளது. நல்லெண்ணத்தில் செய்யப்படுவதுதான். ஆனால் அன்று தம்மிடம் பொய் சொன்னவர்கள் யார் என்பதைப் பல பெண்கள் ஆண்டுகள் கடந்தும் மறப்பதில்லை. உறுதியாகத் தெரியாததை "இன்னும் தெரியலை, விசாரிச்சுக்கிட்டு இருக்காங்க" என்று சொல்லலாம். தெரிந்த மரணத்தை மரணம் என்றே சொல்ல வேண்டும்.

அதன் பின்னர் உங்கள் வேலை எளிமையானது: அவரைத் தனியே விடாமல் இருத்தல், தண்ணீர் கொடுத்தல், உட்கார இடம் அமைத்தல், கூட்டத்தைச் சற்று விலக்குதல். அவரது கைபேசியை, அவர் சம்மதித்தால், நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். விபத்துக் காட்சிகள் வாட்ஸ்அப் குழுக்களில் சில நிமிடங்களில் பரவிவிடுகின்றன. கணவர் இறந்த இடத்தின் காணொளியை ஒரு மனைவி தற்செயலாகக் காண நேர்ந்தால், அக்காட்சி பல மாதங்கள் அவரை உறங்க விடாது.

உடலைப் பார்ப்பது குறித்து

தீக்காயத்தாலும் விபத்தாலும் இறந்தவர்களின் உடலை மனைவி பார்க்க வேண்டுமா என்னும் கேள்வியை உறவினர்களே கூடி முடிவு செய்துவிடுகின்றனர். "பார்த்தா தாங்க மாட்டா" என்பது வழக்கமான காரணம். முடிவு அவருடையதாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் அறிவுரை. அதிர்ச்சியூட்டும் மரணத்தில் உறவினரை இழந்தவர்களிடம் பிரிட்டனில் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், தாமே விரும்பி உடலைப் பார்த்தவர்களுள் பெரும்பாலோர், அக்காட்சி வேதனை தந்தபோதிலும், பார்த்ததற்காக வருந்தவில்லை எனத் தெரிய வந்தது.

பார்க்க விரும்பினால், முதலில் நீங்களோ நெருங்கிய உறவினரோ பிணவறை ஊழியரிடம் பேசி, உடல் எந்நிலையில் உள்ளது என்பதை அறிந்து வாருங்கள். முகம் எப்படி இருக்கும், எந்தப் பகுதி கட்டப்பட்டிருக்கும் என்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். முகத்தைக் காட்ட இயலாத நிலையில், கையையோ காலையோ மட்டும் காட்டுமாறு கேட்கலாம். பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. பார்க்க விரும்பாதவரைக் "கடைசியா ஒரு தடவை" என்று இழுத்துச் செல்லவும் கூடாது.

விபத்து மரணத்தில் காவல்துறை விசாரணை சட்டப்படி கட்டாயமானது; உடற்கூறு ஆய்வும் வழக்கமாக நடத்தப்படுகிறது. இதற்குப் பல மணி நேரம் ஆகலாம். "உடம்பை அறுக்காதீங்க" என்று மனைவி மன்றாடும்போது, இழப்பீடு முதல் காப்பீடு வரை அனைத்துக்கும் அந்த அறிக்கை தேவைப்படும் என்பதை மெதுவாக எடுத்துச் சொல்ல ஒருவர் அருகில் இருப்பது நல்லது.

சொல்ல வேண்டியவையும் தவிர்க்க வேண்டியவையும்

துக்கம் விசாரிக்க வருவோரிடம் ஆறுதல் சொற்களுக்குப் பஞ்சம் இருப்பதில்லை. "எல்லாம் விதி." "நல்லவங்களைக் கடவுள் சீக்கிரம் கூப்பிட்டுக்குவார்." "பிள்ளைங்களுக்காகத் தைரியமா இரு." "வலி இல்லாமப் போயிட்டார், அதை நினைச்சுத் தேத்திக்கோ." இவை ஒவ்வொன்றும் பேசுபவரின் தவிப்பைக் குறைக்கின்றன, கேட்பவரை வாயடைக்கின்றன. பிள்ளைகளுக்காகத் தைரியமாக இருக்குமாறு கூறப்பட்ட பெண், பிள்ளைகள் முன்னால் அழுவதைக் குற்றமாகக் கருதத் தொடங்குகிறார். உங்கள் வீட்டில் நேர்ந்த மரணத்தை ஒப்பிட்டுப் பேசுவதையும் அன்றைக்குத் தவிர்த்துவிடுங்கள்.

எதைச் சொல்வது என்று தெரியவில்லையெனில், "என்ன சொல்றதுன்னே தெரியலை. நான் இங்கதான் இருக்கேன்" என்பது போதும். பேசாமல் கையைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் போதும். இறந்தவரின் பெயரைச் சொல்லத் தயங்காதீர்கள். பெயரைச் சொன்னால் மனைவிக்கு நினைவு வந்துவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். அவர் ஒரு கணமும் மறந்திருக்கவில்லை. எனவே நினைவூட்டிவிடுவோம் என்ற அச்சம் தேவையற்றது.

குற்ற உணர்வைப் பற்றித் தனியே கூற வேண்டும். ஷிப்டு முறையில் வேலை நடக்கும் ஊரில் இது ஒரு குறிப்பிட்ட வடிவம் எடுக்கிறது. அன்று கணவர் வேறொருவருக்காக ஷிப்டை மாற்றிக்கொண்டிருப்பார். காய்ச்சல் என்று சொன்னவரை மனைவி, "சம்பளம் பிடிப்பாங்க, போயிட்டு வாங்க" என்று அனுப்பியிருப்பார். முந்தைய இரவு இருவருக்கும் சண்டை நடந்திருக்கும். இதை அவர் உங்களிடம் சொல்லும்போது, "அப்படியெல்லாம் நினைக்காதே" என்று உடனே மறுத்துவிட்டால் அவர் மீண்டும் அதைச் சொல்ல மாட்டார். எண்ணம் மட்டும் உள்ளே நிற்கும். முழுவதும் கேளுங்கள். கேட்ட பின்னர், அன்று காலை அவருக்குத் தெரிந்திருந்தது எது, தெரியாதது எது என்பதை மட்டும் பிரித்துச் சொல்லுங்கள். கொதிகலன் வெடிக்கப் போகிறது என்று அவருக்குத் தெரியாது. இதே கதையை அவர் பத்து முறையும் சொல்லலாம். பத்து முறையும் கேட்பதுதான் தோழி செய்யக்கூடிய பெரிய உதவி.

ஒப்பாரி வைத்து அழும் வழக்கத்தைப் பற்றி ஒரு சொல். படித்த குடும்பங்கள் பல இதை நாகரிகக் குறைவாகக் கருதி நிறுத்திவிட்டன. இறந்தவரின் குணங்களையும் தன் நிலையையும் உரத்துச் சொல்லி, மற்றப் பெண்கள் சூழ்ந்திருக்க அழுவதற்கு அது இடம் அளித்தது. பாடத் தெரிந்த பாட்டி வீட்டில் இருந்தால் அவரைத் தடுக்க வேண்டாம். அதே வேளையில், துக்கத்தில் இருக்கும் பெண் அதில் கலந்துகொள்ள விரும்பாவிட்டால் அவரைக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம்.

உடலில் தோன்றும் துக்கம்

1942-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர இரவு விடுதி ஒன்றில் நேர்ந்த தீவிபத்தில் 492 பேர் இறந்தனர். அங்கு உறவினரை இழந்தவர்கள் உள்ளிட்ட 101 பேரைக் கவனித்த எரிக் லிண்டமன் என்னும் மனநல மருத்துவர் 1944-இல் வெளியிட்ட கட்டுரை, திடீர் இழப்பின் துக்கத்தைப் பற்றிய தொடக்ககால மருத்துவப் பதிவுகளுள் முக்கியமானது. துக்கம் அலை அலையாக வருகிறது என்றும், ஒவ்வோர் அலையும் 20 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை நீடிக்கலாம் என்றும் அவர் எழுதினார். தொண்டை அடைத்தல், மூச்சுத் திணறுவது போன்ற உணர்வு, அடிக்கடி பெருமூச்சு, வயிறு வெறுமையாக இருப்பது போன்ற உணர்வு, கைகால் தளர்ச்சி ஆகியவை அந்த அலையின் அறிகுறிகள். எங்கள் புறநோயாளிப் பிரிவில் இன்றும் இதே சொற்களைக் கேட்கிறோம். உங்கள் தோழி "தொண்டையில என்னமோ உருண்டையா நிக்குது" என்று சொன்னால், அது நாடகமோ பேயோ அன்று.

எனினும், எல்லா நெஞ்சுவலியையும் துக்கம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. நெருங்கியவரை இழந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு வழக்கத்தைவிடச் சுமார் 21 மடங்கு கூடுகிறது என்று 2012-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டியது. அடுத்த நாள்களில் அது படிப்படியாகக் குறைகிறது. இளம் வயதினருக்கு அடிப்படை வாய்ப்பே மிகக் குறைவு என்பதால் அவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் இறந்தவரின் தாயும் தந்தையும் இருப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம். கடும் அதிர்ச்சிக்குப் பின் இதயத் தசை தற்காலிகமாகத் தளர்ந்து, மாரடைப்பைப் போலவே தோன்றும் டகோட்சுபோ என்னும் நிலையும் உண்டு. ஜப்பானிய மருத்துவர்கள் 1990-களின் தொடக்கத்தில் விவரித்த இந்நிலை, மாதவிடாய் நின்ற பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. மார்பை அழுத்தும் வலி, வலி கைக்கோ தாடைக்கோ பரவுதல், வியர்த்துக் கொட்டுதல், மயக்கம் ஆகியவை தோன்றினால் 108-ஐ அழையுங்கள். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்காமல் "அழுததால் வந்த வலி" என்று முடிவு செய்யாதீர்கள்.

துக்க வீட்டில் மருந்துகள் மறக்கப்படுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. இரத்த அழுத்தம், வலிப்பு, தைராய்டு, இதயநோய் ஆகியவற்றுக்கான மாத்திரைகள் ஒரு நாளும் தவறக் கூடாது. சர்க்கரை நோயாளிகளின் நிலை சற்றுச் சிக்கலானது. உடல் எடுக்கப்படும் வரை வீட்டில் அடுப்பு எரிவதில்லை. உண்ணாமல் வழக்கமான அளவு இன்சுலினோ மாத்திரையோ எடுத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். அஞ்சி முழுவதும் நிறுத்திவிட்டால் அளவுக்கு மேல் ஏறலாம். பக்கத்து வீட்டிலிருந்து இட்லியோ கஞ்சியோ வரவழைத்துக் கொடுங்கள். மருந்தின் அளவை மருத்துவரிடம் தொலைபேசியிலாவது கேட்டுக்கொள்ளுங்கள். கருவுற்ற பெண்ணாக இருப்பின், இரத்தப்போக்கு, அடிவயிற்று வலி, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றைக் கவனியுங்கள். பாலூட்டும் தாய்க்கு அதிர்ச்சியில் பால் சில நாள் குறைந்தது போல் இருக்கலாம். குழந்தையைத் தொடர்ந்து மார்பில் விட்டால் மீண்டும் சுரக்கும்.

"ஒரு ஊசி போட்டுத் தூங்க வைங்க டாக்டர்"

இக்கோரிக்கையை முன்வைக்காத துக்க வீடே இல்லை எனலாம். இழப்பின் துக்கத்துக்காக மட்டும் பென்சோடயசெபின் வகை மயக்க மருந்துகளை அளிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பரிந்துரைத்தது. அம்மருந்துகள் துக்கத்தைக் குறைப்பதில்லை. பழக்கமாகிவிடும் வாய்ப்பு உண்டு. இறுதிச் சடங்கின்போது அரை மயக்கத்தில் இருந்த பெண்கள், பின்னர் அந்நாளே நினைவில் இல்லை என்று வருந்துவதையும் காண்கிறோம். மருத்துவர் ஊசி போட மறுத்தால் அவரை இரக்கமற்றவர் என்று எண்ண வேண்டாம். உறவினர் ஒருவரின் மாத்திரைப் பட்டையிலிருந்து பாதி உடைத்துக் கொடுப்பதையும் செய்யாதீர்கள். முன்பே மனநல மருந்து எடுத்து வருபவராயின் அதை நிறுத்தக் கூடாது.

சடங்குகள்

பூவும் பொட்டும் வைத்து, வளையல் அணிவித்து, அவற்றைக் களையும் சடங்கு பல சமூகங்களில் இன்றும் நடக்கிறது. இதைப் பற்றி மருத்துவர் கருத்துக் கூறலாமா என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு பெண்ணின் உடலின் மீது அவர் விருப்பமின்றிச் செய்யப்படுவது எதுவும் அவர் நலத்தைப் பாதிக்கும் என்ற அளவில் கூறலாம். சில பெண்களுக்கு அச்சடங்கு கணவருக்குச் செய்யும் கடைசிக் கடமை. வேறு சிலருக்கு அது இரண்டாம் தாக்குதல். எது என்பதை அவரிடம் தனியே, நாள் நெருங்குவதற்கு முன்பே கேளுங்கள். வேண்டாம் என்றால், அதை வீட்டுப் பெரியவரிடம் எடுத்துச் சொல்லும் துணிவு தோழிக்கு வேண்டும். துக்கத்தில் இருப்பவரால் அதைத் தனியே செய்ய இயலாது. கைம்பெண் என்பதற்காக ஒருவரைக் கோயிலுக்குள் நுழையவிடாமல் தடுப்பதை ஏற்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தெளிவாகக் கூறியுள்ளது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பிள்ளைகளிடம்

"அப்பா வெளியூர் போயிருக்கார்", "தூங்குறார்" என்பவை வேண்டாம். தூங்குகிறார் என்று கேட்ட நான்கு வயதுக் குழந்தை, அம்மா தூங்கினாலும் அலறத் தொடங்கும். "அப்பாவுக்கு வேலை செய்யற இடத்துல ரொம்ப அடிபட்டுடுச்சு. அவர் உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. இனிமே வரமாட்டார்" என்பது போன்ற நேரடிச் சொற்களே போதுமானவை. குழந்தை உடனே விளையாடப் போய்விடலாம். அதைக் கண்டு "இதுக்கு ஒண்ணும் புரியலை" என்று எவரும் சொல்ல வேண்டாம். மூத்த மகனிடம் "இனி நீதான் குடும்பத் தலைவன்" என்று சொல்லும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அவன் பள்ளி மாணவன்.

கையெழுத்துகள்

இப்பகுதி மருத்துவத்துக்குப் புறம்பானதாகத் தோன்றலாம். எனினும், முதல் வாரத்தில் போட்ட ஒரு கையெழுத்தை எண்ணி ஆண்டுக்கணக்கில் உறக்கம் இழப்பவர்களைக் காண்பதால் இதைச் சேர்த்துள்ளோம்.

அதிர்ச்சியில் இருப்பவரின் கவனமும் நினைவாற்றலும் சில வாரங்களுக்குக் குறைந்திருக்கும். அக்காலத்தில் எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம் என்று அவருக்குச் சொல்லுங்கள். நீங்கள் உடன் அமர்ந்து படியுங்கள். ஒரு குறிப்பேட்டில் யார் வந்தார், என்ன சொன்னார், எந்தத் தாளை வாங்கிச் சென்றார் என்பதைத் தேதியுடன் எழுதி வையுங்கள். முதல் தகவல் அறிக்கை, உடற்கூறு ஆய்வுச் சான்று, இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழ் ஆகிய நான்கும் அடிப்படை ஆவணங்கள். இறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

பணியிட விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு, 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் பொருந்தியிருந்தால், உயிரிழப்புக்கான தொகை அச்சட்டத்தின்படி அமைந்த ஆணையரிடம் செலுத்தப்பட வேண்டியிருந்தது. அச்சட்டத்தின்படி கோரிக்கையை 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. ஒப்பந்ததாரர் வழியாக வேலை பார்த்தவரெனில், முதன்மை நிறுவனத்திடமே இழப்பீடு கோர அச்சட்டம் வழி செய்தது. தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தில் காப்பீடு பெற்றவராயின் சார்ந்தோருக்கான மாதப் பயன் அதன் வழியாகக் கிடைக்கும். வருங்கால வைப்பு நிதி, அதனுடன் இணைந்த குடும்ப ஓய்வூதியம், இ.டி.எல்.ஐ. காப்பீடு ஆகியவற்றையும் விசாரியுங்கள். பெண்கள் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். கடலூரில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ 15100 என்ற எண்ணையோ அணுகலாம்.

பதினாறாம் நாளுக்குப் பிறகு

துணை மிகவும் தேவைப்படும் காலம் இதுவே; வீடு காலியாகும் காலமும் இதுவே. உறவினர் கிளம்பிவிடுவர். நெய்வேலி நகரியத்தில் வேலையும் குடியிருப்பும் ஒரே இடத்திலிருந்து வருபவை. நிறுவனக் குடியிருப்பில் வசித்த குடும்பமாயின், கணவரை இழந்தவர் சில காலத்தில் வீட்டையும், அந்த வட்டத்தையும், பிள்ளைகளின் பள்ளியையும், அண்டை வீட்டாரையும் விட்டுப் போக வேண்டியிருக்குமோ என்று கவலைப்படத் தொடங்குகிறார். அதுவரை அங்கேயே இருந்தாலும் வேறு சிக்கல் உண்டு. அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் ஊரில் பல இடங்களிலிருந்து கண்ணில் படுகின்றன. ஷிப்டு முடியும் நேரத்தில் தெருவில் வண்டிகள் வரிசையாகத் திரும்புகின்றன. அவற்றில் ஒரு வண்டியின் சத்தம் மட்டும் வாசலில் நிற்பதில்லை. அந்த நேரத்தில் அவர் பதறுவதும், கணவரின் குரலோ வண்டிச் சத்தமோ கேட்டதாக உணர்வதும் மனநோய் அன்று. அந்த அரை மணி நேரத்துக்கு நீங்கள் அங்கு இருக்க முடியுமெனில் இருங்கள்.

2020 விபத்துகளுக்குப் பின் நிவாரணத் தொகையும் குடும்பத்தில் ஒருவருக்கு வேலையும் அறிவிக்கப்பட்டன. கருணை அடிப்படையிலான வேலை ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுகிறது. அதே வேளையில், கணவர் இறந்த இடத்தின் வாயில் வழியாகவே நாள்தோறும் சென்று வர வேண்டிய நிலையையும் உண்டாக்கலாம். வேலை கிடைத்ததே என்று ஊர் மகிழும்போது, முதல் நாள் அந்த வாயிலைக் கடப்பது எப்படி இருந்தது என்று கேட்க ஒருவராவது இருக்க வேண்டும். வேறு பிரிவிலோ வேறு வளாகத்திலோ பணி கோரி விண்ணப்பிக்க அவர் விரும்பினால், அதற்கு உதவுங்கள்.

"எது வேணும்னாலும் சொல்லு" என்பது நடைமுறையில் பயன் தருவதில்லை. துக்கத்தில் இருப்பவர் கேட்க மாட்டார். "செவ்வாய்க்கிழமை நான் பிள்ளையை ஸ்கூல்ல விடறேன்", "ரேஷன் கார்டைக் கொடு, நான் வாங்கிட்டு வரேன்", "வியாழக்கிழமை தாலுகா ஆபீஸுக்கு நானும் வரேன்" என்று நாளும் வேலையும் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். சொன்ன நாளில் செல்லுங்கள். கணவரின் சட்டைகளையும் காலணியையும் அவருக்காக நீங்கள் எடுத்து வைத்துவிடாதீர்கள். எப்போது எடுப்பது என்பதை அவர் முடிவு செய்வார்.

துக்கம் ஐந்து படிகளில் ஏறி முடியும் என்று பலர் படித்திருப்பீர்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் எழுதிய அக்கருத்து, மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பற்றியது. கணவரை இழந்தவர்களிடம் அப்படி ஒரு வரிசை காணப்படுவதில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்ட்ரோப், ஷூட் ஆகியோர் 1999-இல் விளக்கியபடி, இழப்பை எண்ணித் துயருறுவதற்கும் அன்றாட வேலைகளைக் கவனிப்பதற்கும் இடையே மனம் மாறி மாறிச் செல்கிறது. காலையில் வங்கிக்குச் சென்று வந்தவர் மாலையில் உடைந்து அழலாம். ஒரு நகைச்சுவைக் காட்சிக்குச் சிரிக்கலாம். சிரித்ததைக் கண்டு ஊர் பேசும், நீங்கள் பேசாதீர்கள்.

எப்போது மனநல மருத்துவரிடம் செல்ல வேண்டும்

பெரும்பாலோருக்குத் துக்கம் மருந்தின்றியே மெல்ல மெல்லத் தணிகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, 6 மாதங்களுக்கு மேலும் தணியாமல் அன்றாட வாழ்வை முடக்கும் துக்கத்தை நீடித்த துக்கக் கோளாறு என வரையறுக்கிறது. அமெரிக்க வகைப்பாட்டில் பெரியவர்களுக்கு இது 12 மாதங்கள். இறப்பை நம்பவே இயலாமை, நாள் முழுவதும் விடாத ஏக்கம், தன்னில் ஒரு பகுதியே போய்விட்டது என்னும் உணர்வு, பிள்ளைகளைக்கூடக் கவனிக்க இயலாமை ஆகியவை அதன் அடையாளங்கள். இதற்கெனப் பேச்சு வழிச் சிகிச்சை உண்டு. விபத்துக் காட்சி மீண்டும் மீண்டும் கண்முன் வருதல், தீயைக் கண்டாலோ பெரிய சத்தம் கேட்டாலோ உடல் நடுங்குதல் ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலும் மருத்துவரைப் பாருங்கள். சாப்பிடாமலும் எழுந்திருக்காமலும் இரண்டு வாரங்கள் கிடந்தால் 6 மாதம் வரை காத்திருக்க வேண்டாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாக அரசு மருத்துவமனைகளில் இச்சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையை அணுகலாம்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றி நேரடியாகக் கேளுங்கள். "அவர் போன இடத்துக்கே போயிடலாம்னு தோணுதா?" என்று கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக உண்டாவதில்லை. "அவர்கிட்டப் போயிடணும்" என்று துக்கத்தில் சொல்வது பலரிடம் உண்டு. எப்படி, எப்போது என்று திட்டம் இருப்பதாகத் தெரிந்தாலோ, நகைகளையும் பத்திரங்களையும் பிறரிடம் ஒப்படைக்கத் தொடங்கினாலோ, பிள்ளைகளையும் சேர்த்துப் பேசினாலோ, அவரைத் தனியே விடாதீர்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டாலும் நம்பகமான ஒரு குடும்பத்தினரிடம் சொல்லுங்கள். எலி மருந்து, பூச்சிமருந்து, மிகுதியான மாத்திரைகள் ஆகியவற்றை வீட்டிலிருந்து அன்றே அகற்றுங்கள். அவர் எதையேனும் உட்கொண்டுவிட்டதாக ஐயம் எழுந்தால், வாந்தி எடுக்க வைக்க முயலாமல், அந்தப் பொட்டலத்துடன் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள். எலி மருந்து வகைகளில் சில, முதல் நாளில் எந்த அறிகுறியும் காட்டாமல் பின்னர் கல்லீரலைத் தாக்கக்கூடியவை.

தொலைபேசி வழி உதவிக்கு: டெலி மானஸ் 14416 (24 மணி நேரமும், தமிழில், கட்டணமின்றி), தமிழ்நாடு சுகாதார உதவி எண் 104, பெண்கள் உதவி எண் 181, அவசர ஊர்தி 108. இந்த எண்களுக்குத் துக்கத்தில் இருப்பவர்தான் பேச வேண்டும் என்பதில்லை. அவருக்குப் பேச இயலாத நிலையில், "என் தோழியின் கணவர் இறந்து இத்தனை நாள் ஆகிறது, அவர் இப்படி இருக்கிறார், நான் என்ன செய்ய வேண்டும்" என்று நீங்களே அழைத்துக் கேட்கலாம். உங்களுக்கே உறக்கம் கெட்டு, அந்த வீட்டு நினைவு விடாமல் வந்தால், உங்களுக்காகவும் அழைக்கலாம்.